தெய்ஸோ புதைத்த பானை

முராய் தெய்ஸோ ஓய்வு பெறும்வரை செய்த வேலை, ஊரில் ஒழுகும் குழாய்களை அடைப்பது. அப்படிப்பட்டவர் கிழவயதில் சொட்டுத் தண்ணீரை ஒலிக்க வைக்கக் கிளம்பினார்.

பார்வை போனதிலிருந்து அவர் மனைவி தோக்கியே அறையை விட்டு வெளியே வருவதில்லை. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டும் நானும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பார்க்க முடியாத தோட்டத்தில் தனக்கென்ன வேலை என்பார். கேட்கிற தோட்டமாக்கிவிட்டால் வருவார் என்று தெய்ஸோ முடிவு செய்தார். கைகழுவும் கல்தொட்டிக்குக் கீழே, அடியில் துளையிட்ட பெரிய மண்பானையைக் கவிழ்த்துப் புதைத்தார். மேலே தண்ணீர் ஊற்றினால் துளிகள் உள்ளே விழுந்து மணி போல ஒலிக்க வேண்டும். காது வைத்துக் கேட்க ஒரு மூங்கில் குழாய்.

அவருக்கோ காது மந்தம். அதனால் அக்கம்பக்கத்தாரை அழைத்தார். ஒவ்வொருவரும் தண்ணீர் ஊற்றி, மூங்கிலில் காதை வைத்து, கண்ணை மூடித் தலையாட்டினார்கள். ஒருவர் கோயில் மணி என்றார். எதிர்வீட்டு ஓனுமா அம்மாள் மலையருவி என்றார். மகிழ்ந்துபோன தெய்ஸோ எல்லோருக்கும் தேநீரும் பயறு இனிப்பும் கொடுத்தார்.

நானும் குனிந்தேன். என் இடுப்பு சொடுக்கியது மட்டும்தான் கேட்டது.

"முராய் ஐயா, உள்ள ஒரு சத்தமும் இல்ல."

"எல்லாரும் கேட்டுச்சுன்னாங்களே."

"உங்க இனிப்ப வாயில வச்சுக்கிட்டு வேற என்ன சொல்வாங்க? தோக்கியே அம்மா ஒரு தடவ ஏமாந்தா அப்புறம் வெளிய வரவே மாட்டாங்க."

தெய்ஸோ என்னை முறைத்தார். பிறகு மண்வெட்டியை எடுத்தார். தோண்டிப் பார்த்தால் பானைக்குக் கீழே தண்ணீரே இல்லை. துளி விழுந்து ஒலிக்க அங்கே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். இவருக்குத் தேங்கிய தண்ணீரே ஆகாது. ஒரு சொட்டும் நிற்காதபடி வடிகால் போட்டிருந்தார். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்த ஓனுமா அம்மாள், தனக்கும் அப்போதே லேசாகச் சந்தேகம் இருந்தது என்றார்.

தெய்ஸோ வடிகாலின் வாயைச் சற்று உயர்த்திவிட்டு எல்லாவற்றையும் மறுபடி மூடினார்.

அடுத்த முறை நான் போனபோது தோக்கியே முணுமுணுத்துக்கொண்டே தெய்ஸோவின் கையைப் பிடித்து வெளியே வந்தார். முக்காலியில் உட்கார வைத்து அகப்பையைக் கையில் கொடுத்தேன். தண்ணீரை ஊற்றினார். காதை வைத்தார். இன்னொரு அகப்பை ஊற்றினார்.

"கேக்குதா?" என்று தெய்ஸோ நகத்தைக் கடித்தபடி கேட்டார்.

"நீங்க பேசாம இருந்தா கேக்கும்."

குளிக்கும் தண்ணீர் ஆறுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். தோக்கியே அடுத்த அகப்பைக்குக் கையை நீட்டினார். அன்று குளியலை விட்டுவிட்டு, முழங்காலுக்குப் போர்வை போர்த்திவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன்.