மாமியாரை ஓட்டிய காலை

கல்லூரிக் கணினி அறையைப் பராமரித்த அவளை எல்லோரும் மரக்காரி என்றே அழைத்தார்கள். சென்ற மாதம் அவள் இறந்தபோது அறிவிப்புப் பலகையிலும் அந்தப் பெயரைத்தான் எழுதினார்கள்.

மரம் என்பது ஓர் இயங்குதளத்தின் மூல நிரல். கிளை கிளையாகப் பிரியும் கோப்புகள். உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அதில் தினமும் கைவைப்பார்கள். வீட்டுக் கணினியில் அவளிடம் ஒரு பிரதி இருந்தது. அந்த நாட்களில் காலையில், முடியும்வரை போன் பேச விடாத தொலைபேசி இணைப்பு வழியே புது மாற்றங்களை இறக்கி, பிரதியை மூலத்தோடு ஒத்துப்போக வைத்த பிறகுதான் பல் விளக்குவாள்.

அதற்கு அவள் ஓட்டுவது இரண்டு நிரல்கள். ஒன்று, வீட்டில் எழுதிச் சேர்த்த வரிகளைத் தொடாமல் புதியதை அனுசரித்துப் பொருத்தும். ஆனால் ஆமை வேகம். அதற்கு மருமகள் என்று பெயரிட்டிருந்தாள். மற்றது மின்னல். மூலத்தில் இல்லாத வரியைக் கண்டால் துடைத்தெறிந்துவிடும். அது மாமியார்.

கல்லூரியின் பழைய கணினிகளில் நெட்வொர்க் அட்டை அடிக்கடி உறைந்துபோகும். மண்டையை உடைத்துக்கொண்டு அதற்கொரு திருத்தம் எழுதினாள். மூலத்தைப் பராமரிப்பவர்களுக்கும் அனுப்பினாள். வாரங்கள் போயும் பதில் இல்லை, கிணற்றில் போட்ட கல். குறிப்பிட்ட ஒரு நாளில் எல்லாக் கணினிகளிலும் அதை ஏற்றுவதாகக் கல்லூரி முதல்வரிடம் சொல்லியிருந்தாள். வீட்டுப் பிரதியில் இருந்ததைத் தவிர அவளிடம் வேறு நகல் இல்லை. நகல் எடுத்து வை என்பதெல்லாம் ஊருக்குத்தான் உபதேசம்.

அதற்கு முதல் நாள் காலை பார்த்துக் காய்ச்சல். பஸ் ஓட்டுநரான கணவரிடம் படுக்கையிலிருந்தே சொன்னாள்.

“ஏங்க, மருமகளைக் கொஞ்சம் ஓட்டி விடுங்க.”

சிறிது நேரத்தில் அவர் குரல் கொடுத்தார். “முடிஞ்சதும்மா!”

“அதுக்குள்ளயா? யாரை ஓட்டுனீங்க?”

“மருமக முக்கிக்கிட்டே இருந்தா. பொண்ணு போன் வேணும்னு நச்சரிச்சா. அதான் மருமகளை நிறுத்திட்டு மாமியாரைத் தட்டி விட்டேன். பறந்துட்டா!”

போர்வையை உதறி எழுந்தாள். “போச்சு! நான் எழுதினதை எல்லாம் வழிச்சு வெளியே கொட்டியிருப்பா.”

“எல்லா மாமியாரும் அப்படியா? எங்கம்மா...”

“இப்ப உங்கம்மாவை எதுக்கு இழுக்குறீங்க?”

திருத்தம் இருந்த கோப்பைத் திறந்தாள். அவள் வரிகள் அப்படியே இருந்தன.

“நீங்க ஓட்டவே இல்ல.”

“சத்தியமா ஓட்டினேன்.”

அப்போதுதான் கண்ணில் பட்டது, அவள் எழுதாத ஒரு குறிப்பு. இரண்டு வகை அட்டைகளில் சோதித்தாயிற்று, அனுப்பியவருக்கு நன்றி என்று. பக்கத்தில் அவள் பெயர். மாமியார் அவளுடைய வரிகளைத் துடைக்கத்தான் செய்திருந்தாள். துடைத்த இடத்தில் அவற்றையே, பராமரிப்பவர்கள் ஏற்றுச் சேர்த்துவிட்டிருந்த மூலத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தாள்.

அவள் போட்ட கூச்சலில் மகள் ரிசீவரும் கையுமாக ஓடி வந்தாள்.

“போனை வைடி! ஏங்க, இன்னொரு தடவை ஓட்டுங்க.”

“யாரை?”

“மாமியாரைத்தான். நான் பக்கத்துல நின்னு பாக்கணும்.”