கிளினிக் வாங்கில் கிடைத்த தங்கை

கிளினிக் நாள் என்றால் எனக்கு இன்றும் மூக்கில் ஏறுவது பேபி கொலோன் வாசமும், அதை மீறி வரும் புளித்த பால் வாசமும்தான். அம்பிட்டியவில் ஒரு பழைய மண்டபத்தில், உத்தரத்தில் தொங்கும் தராசின் கொக்கியில் குழந்தைகளைத் துணிக் காற்சட்டையோடு மாட்டி, 'மிஸ்ஸி' என்று நாங்கள் அழைத்த மருத்துவிச்சி நிறை பார்ப்பார். அத்தனையும் தொண்டை கிழியக் கத்தும். என் தம்பி அந்தோனி மட்டும் கொழுகொழுவென்று தொங்கிக்கொண்டு சிரிப்பான். யாராவது உற்றுப் பார்த்தால் அம்மா அவன் கன்னத்துக் கறுப்புப் பொட்டை இன்னும் பெரிதாக்கிவிடுவார்.

ஒருநாள் நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் பக்கத்துத் தெரு பரீதா ராத்தா, தன் தம்பியின் பச்சைக் குழந்தை நஸீஹாவோடு இருந்தார். பெற்றவள் கடும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில். குழந்தையைக் கிட்டே விடவில்லை. புட்டிப்பாலை அது துப்பிக்கொண்டே இருந்தது. தராசில் போட்டபோது அழக்கூடத் தெம்பில்லை.

"நிறை எறங்கிட்டே போகுது. இனியும் பால் குடிக்காட்டி புள்ள தங்காது" என்றார் மிஸ்ஸி. ராத்தா பொலபொலவென்று அழுதார்.

"கொண்டாங்க இங்க" என்றார் அம்மா.

ராத்தா தயங்கினார். "நீங்க பால் குடுத்து வந்தா எங்கட மார்க்கத்துல நீங்களும் இவக்கு உம்மா. ஒங்கட புள்ளைகள் இவட கூடப்பொறந்தவங்க, இந்த மகன் இவக்கு நானா. நாளைக்கு இல்லண்டு சொல்ல ஏலா. யோசிச்சுக்கோங்க."

"பசியில கெடக்கிற புள்ளய வச்சிக்கிட்டு என்னத்த யோசிக்கிறது? சொந்தம் கூடுனா நல்லதுதானே. கொண்டாங்க!"

மிஸ்ஸி கண்டும் காணாததுபோல் அடுத்த குழந்தையைக் கொக்கியில் மாட்டப் போய்விட்டார். நஸீஹா முதலில் முகத்தைத் திருப்பினாள், பிறகு மடக்மடக்கென்று குடித்தாள். அப்பாடா, அந்தச் சத்தம்!

பெற்றவள் குணமாகித் திரும்பும்வரை அம்மா இருவருக்கும் கொடுத்தார். அந்தோனிக்குப் பொல்லாத கோபம். அவள் காலைப் பிடித்து இழுப்பான். அதன்பின் நஸீஹா வீட்டிலிருந்து பெருநாள் இனிப்பான வட்டிலாப்பம் எங்களுக்கு அக்கம்பக்கத்துப் பங்காக வரவில்லை, 'மகள் வீட்டுப்' பங்காக வந்தது. அளவும் பெரிது, சொல்லாமல் விடக்கூடாது.

அந்த மண்டபம் இப்போது வாகனத் தரிப்பிடம். கொக்கித் தராசு போய் இலக்கத் தராசு வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அடுத்தவள் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொள்ளும் தாயைக் கண்டு வெகுகாலம். அம்மாவும் இல்லை.

போன வாரம் நஸீஹா என் வீட்டுக்கு வந்திருந்தாள். முக்காட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தவள், மின்விசிறி திருத்த ஆள் வந்ததும் அவசரமாக எடுத்துத் தலையை மூடினாள். அவர் போனதும் மறுபடி கழற்றினாள். சற்று நேரத்தில் நரைத்த தலையோடு அந்தோனி உள்ளே வந்தான்.

"வாங்க நானா, தேத்தண்ணி ஊத்தவா?" என்று எழுந்தாள். முக்காடு கதிரையிலேயே கிடந்தது.