பாக்கியமக்கா வைத்த தேத்தண்ணி

பாக்கியமக்கா இறந்துபோய்விட்டார் என்று எனக்குச் சொன்னது பாண்காரன். நாங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையை விட்டுத் தெகிவளைக்கு வந்த பிறகும் அதே ஆள்தான் தலையில் பேக்கரிக் கூடையோடு வருகிறான். பாணை எடுத்துத் தந்துவிட்டு, வெள்ளவத்தை நோனா நேற்று இரவு மோசம் போயிட்டா என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னான். எந்த வீட்டு அம்மாவை நோனா என்கிறான் என்று நான் கேட்கவில்லை. பாண்காரனையும் இருத்தித் தேத்தண்ணி கொடுக்கிற நோனா அந்த ஒழுங்கையில் ஒருவர்தான். உடுத்த சேலையோடு பஸ் ஏறினேன்.

அவரோடு பழகிய உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. என்றாலும் சொல்லாமல் இருக்க என்னால் ஏலாது. என் வீட்டுக்காரருக்குக் கந்தோரில் பதவி உயர்வு கிடைத்த செய்தி ஒரு பின்னேரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக நாலு பேரைக் கூப்பிடுவோம் என்று வேலியடியில் நின்று சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சந்தோசத்தை உப்புப் போட்டு வைக்கப்போறியோ?" என்று கேட்டுவிட்டு அக்கா என் குசினிக்குள் வந்து புகுந்தார். விளக்கு வைப்பதற்குள் ரவையில் சொஜ்ஜி, வாழைக்காய்ப் பொரியல், கதலிப்பழம், கோப்பி எல்லாம் தயார். வடைக்கு உழுந்து ஊறவில்லையே என்று நான் அழாக்குறையாகச் சொன்னதற்கு, உழுந்தைப் பார்க்க ஒருவரும் வரவில்லை என்றார். உடனே வடை என்ன, அதன் நினைப்பே எனக்குப் போய்விட்டது.

எத்தனை பேர் வந்தாலும், எவ்வளவு பலகாரம் இருந்தாலும், அவர் அதை விருந்து என்று சொல்லமாட்டார். "ஒரு தேத்தண்ணி" என்பார். "கதிரை காணாட்டிப் பாய் இருக்கு, பாய் காணாட்டி நிலம் இருக்கு. ஆக்கள் காணாட்டித்தான் கரைச்சல்" என்பது அவருடைய வேதவாக்கு. அவசரம் எவ்வளவானாலும் ஒன்றை மட்டும் விடமாட்டார். ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தானே போய்ச் சொல்லுவார். நம்மவர்களைத்தான் தெரியுமே. நல்ல காரியத்துக்கு வீடு தேடி வந்து சொல்லாவிட்டால், பக்கத்து வீடானாலும் படி மிதிக்கமாட்டார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியிருந்த காலம். அக்காவின் தம்பி சிவத்துக்கு மலாயா ரயில்வேயில் வேலை கிடைத்து, கப்பலுக்குக் காத்துக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தான். அந்த நாட்களில் கப்பல் எப்போது வெளிக்கிடும் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஒருநாள் மத்தியானம், விடியவே ஏறவேண்டும் என்று செய்தி வந்தது. பின்னேரமே தேத்தண்ணி என்று அக்கா முடிவு செய்துவிட்டார். சிவம் என்னிடம் தனியே வந்து, பெரியண்ணையும் வந்தால் தனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்றான். அக்காவுக்கும் மூத்தவரான பெரியண்ணர் கொட்டாஞ்சேனையில் மருந்துக்கடை வைத்திருந்தார். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணைக் கலியாணம் செய்ததால் வீட்டார் அவரோடு கதைப்பதை விட்டிருந்தார்கள். அக்காவுக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஊரில் இருந்த ஐயாவுக்குப் பயந்து அக்காவும் அண்ணரோடு கதைக்காமல் இருந்தார். அந்தத் தேத்தண்ணியோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அன்றும் அக்கா ஒழுங்கை முழுக்கத் தானே போய்ச் சொன்னார். மூலை வீட்டு முஸ்லிம் அம்மா வட்டிலப்பம் செய்யத் தொடங்கினார். எதிர்வீட்டுச் சிங்களவர் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணருக்குச் சொல்லும் வேலையை மட்டும் அக்கா கணவரிடம் விட்டார். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அவர், தம்பியின் பெட்டியை ஏற்றிக்கொண்டு ரிக்‌ஷாவில் அந்தப் பக்கம்தான் போனார். நீங்களும் ஒருக்கால் போய்ச் சொன்னால் என்ன அக்கா என்று கேட்டேன். "கூடப்பிறந்தவருக்கு என்னடி அழைப்பு? அது அவரின்ர வீடுதானே" என்றார். ஊராரை மரியாதையோடு அழைத்தவர், தன் இரத்தத்தை உரிமை என்று எண்ணி அழைக்காமல் விட்டார். கணவரோ ரிக்‌ஷாவை விட்டு இறங்காமலே, பின்னேரம் வீட்டில் ஒரு தேத்தண்ணி, சிவம் போகிறான், வாங்கோ என்று கடைப்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நேரமில்லை, பாவம்.

அண்ணர் வரவில்லை. பாட்டு, பகிடி, வட்டிலப்பம் எல்லாம் இருந்தும், சிவம் வாசலைப் பார்த்தபடியே இருந்தான். அக்கா அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருவரையும் இருக்கவிடவில்லை.

பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து, அங்கிருந்து திரும்பி வந்த ஒருவர்தான், சிவம் காட்டு வேலைக்குப் பிடிபட்டுப் போய்க் காய்ச்சலில் செத்த கதையைச் சொன்னார். கிரியையும் ஊரில்தான் நடந்தது. கொழும்பில் செத்தவீடு என்று ஒன்று இருக்கவில்லை. அந்தச் செய்தி வந்த பிறகு அக்கா வீட்டில் ஆக்களைக் கூட்டித் தேத்தண்ணி வைப்பதே இல்லாமல் போயிற்று. அண்ணர் வெறுத்துத்தான் வரவில்லை என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. இந்தக் கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போவம், நீயும் வா என்பார். அந்தக் கிழமை வந்தால், துரத்திவிட்டால் என்ன செய்வது என்று பின்வாங்குவார். ஞாயிற்றுக்கிழமைக்குக்கூடப் பொறுக்காத மனுசி, இதற்கு மட்டும் வருடக்கணக்காகப் பொறுத்தார்.

செத்தவீட்டன்று, பறை முழங்கிக்கொண்டிருக்க, நரைத்த தலையோடு ஒருவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தார். பெரியண்ணர்தான் என்று முகச்சாடையிலேயே தெரிந்தது. அக்காவின் கணவர் ஓடிப்போய், ஆள் அனுப்பத்தான் இருந்தோம், அதற்குள் நீங்களே வந்துவிட்டீர்கள் என்று தடுமாறினார்.

"இதுக்கு ஒருத்தரும் வந்து சொல்லத் தேவையில்லைத்தானே" என்றார் அண்ணர்.

போய்த் தங்கையின் தலைமாட்டில் இருந்தார். அந்த வீட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

அவருடைய மனைவி மரியம்மா பாயில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். சிவம் போன அன்று பின்னேரம் அண்ணர் கடையை நேரத்தோடு பூட்டி, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வாசலில் இருந்தாராம். ரிக்‌ஷாவில் போகிற ஆள் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு உன்னையும் கூட்டிப் போய் அவமானப்பட ஏலாது, தங்கச்சி ஒருக்கால் வந்து வா எண்டால் காணும் என்றாராம். இருட்டும்வரை சட்டையைக் கழற்றவில்லையாம். இதை அக்காவிடம் சொல்ல ஒருவரும் இல்லாமல் போயிற்றே. அந்த வெள்ளைச் சட்டையை அறியாமலே பாக்கியமக்கா கண்ணை மூடிவிட்டார்.

அவரிடமிருந்து சொஜ்ஜிக் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை, அந்தத் துணிச்சலும் வரவில்லை. எனக்கு மிஞ்சியிருப்பது அவர் செய்யாமல் விட்ட ஒன்றுதான். இப்போது வீட்டில் ஒரு பிடி அவல் குழைத்தாலும் முதலில் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். அவள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கென்ன அழைப்பு, உனக்கு விசரோ அக்கா என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். "ஓம், வாறன்" என்று வாயால் சொல்லும்வரை நான் அவள் வாசலை விட்டு அசைவதில்லை.