தொட்டிக்குள் இருந்து வந்த பதில்

பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே சும்மா கதை என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. பட்டப்பகலில் நடந்தது இது.

பல்லடம் பக்கம், காலேஜ் இருக்கிற எங்கள் ஊரில் அப்போது நான் வார்டு மெம்பர். எல்லார் கையிலும் செல்போன் வராத காலம். குழாயில் புழு வருகிறது என்று ஹாஸ்டல் மாணவர்களும் பனியன் கம்பெனி லைன் வீட்டுக்காரர்களும் சேர்ந்து பஞ்சாயத்து ஆபீஸை முற்றுகையிட்டார்கள். மேல்நிலைத் தொட்டியைக் கழுவியே ஆக வேண்டும். இரண்டு ஆள் அனுப்புங்கள் என்று தலைவரிடம் கத்தினேன்.

"ஒரு ஆள் பத்தாதுங்களா மெம்பரே? வேணும்னா நீங்க தொணைக்கு நில்லுங்க" என்று நக்கலடித்தார்.

நின்றேன்.

வந்தவன் பழனிச்சாமி. வேலைக்குப் புதிது, சொன்னதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான். பிளீச்சிங் பவுடர் வாளியோடு ஏணியில் ஏறித் தொட்டிக்குள் இறங்கினான். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கீழே இருந்து, "பழனிச்சாமி, முடிஞ்சுதா?" என்று கத்தினேன்.

"இன்னும் கொஞ்ச நேரமுங்க" என்று தெளிவாகப் பதில் வந்தது.

மறுபடி கூப்பிட்டேன். "நீங்க மேல வராதீங்க. இன்னும் கொஞ்ச நேரந்தானுங்க."

சரி என்று நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அவன் மனைவி சோற்றுப் போசியோடு வந்தாள். "இப்பத்தான் பேசினான், வந்துருவான்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அவருங்களா? தறிச் சத்தத்துல ரெண்டு காதும் போயிருச்சுங்களே. பக்கத்துல நின்னு கத்துனாத்தானுங்க கேக்கும்."

ஏணியில் எப்படி ஏறினேனோ தெரியாது. தொட்டியின் திறப்பு வழியாக எட்டிப் பார்த்தால் மருந்து நெடி கண்ணை எரித்தது. உள்ளே விழுந்த வெயில் வெளிச்சத்தில் அவன் அடியில் மல்லாந்து கிடந்தான், வாயில் நுரை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், உதடு அசையவில்லை. இருட்டுக்குள், என் மூஞ்சிக்கு நேரே, அதே குரல்: "அவசரப்படாதீங்க. இன்னும் கொஞ்ச நேரந்தானுங்க."

அலறினேன். டீக்கடையில் இருந்த மாணவர்கள் ஓடி வந்து, முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, கயிறு போட்டு அவனைத் தூக்கினார்கள். பிழைத்துக்கொண்டான். பவுடரைக் கொட்டினதுமே கண் இருட்டிவிட்டது, வேறெதுவும் தெரியாது என்றான்.

தலைவர் எதிரொலி என்றார். எதிரொலி நாம் சொன்னதைத்தானய்யா திருப்பிச் சொல்லும்? மேலே வராதே என்று ஆளைத் தடுக்குமா? அவன் செத்து முடிக்கிற வரைக்கும்தான் அது நேரம் கேட்டிருக்கிறது. அதையும் அவ்வளவு மரியாதையாகக் கேட்டது.