தறிக்கு மேலே ஒரு மீன்தொட்டி

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் அமலோற்பவத்தைப் பற்றி ஆரணியில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். வீட்டுக்காரன் நான், அந்த உரிமை எனக்கு உண்டு.

பெரணமல்லூர் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்காமல் அடம் பிடித்தால், பத்து வயதிலேயே அப்பாவுக்கு முன்னால் கிணற்றில் இறங்குவாராம். கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம். பிள்ளைகள் இல்லை. இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் சயின்ஸ் லேப் உதவியாளர். நான் "டீச்சரம்மா" என்பேன். "நான் டீச்சர் இல்லீங்கண்ணா" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். சின்ன விஷயத்தில்கூடப் பொய் நிற்கக்கூடாது அவருக்கு.

சங்கடம் போன வருஷம் தொடங்கியது. லேபை இடித்துக் கட்டப்போகிறோம், அங்கே இருக்கும் மீனை ஏரியில் விட்டுவிடுங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்த ஒரே ஒரு ஆஸ்கார் மீன். முறைக்கிற முறைப்பைப் பார்த்துப் பிள்ளைகள் அதற்கு எச்.எம். என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஏழு வருசமா என் கையில தின்னுகினு இருக்குதுங்க. ஏரியில கொக்கு வந்தாக்கூட சோறு போடத்தான் வருதுன்னு நெனச்சி கிட்ட போவும்" என்று சொல்லி, அதை ஒரு நீல டிரம்மில் போட்டு ஆட்டோவில் ஏற்றி மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். டிரம்முக்குள் மீனுக்குத் திரும்பக்கூட இடமில்லை. நாளுக்கு நாள் அதன் நிறம் வெளுத்தது. நாலடித் தொட்டி வைக்க அனுமதி கேட்டு என் முன்னால் வந்து நின்றார்.

அவர் அறைக்கு நேர் கீழேதான் என் தறி. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு நூல், அதுதான் பாவு. தண்ணீர் பட்டால் சாயம் இறங்கிவிடும், சேலை போச்சு.

"ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு என் பாவு மேல வுழுந்தா நீங்க வூட்டக் காலி பண்ணணும்" என்றேன். பயந்து பின்வாங்குவார் என்று நினைத்தேன்.

"சரிங்கண்ணா. வுழுந்தா நீங்க சொல்லவே வாணாம், நானே காலி பண்றேன்" என்று சொல்லிவிட்டு அளவு டேப் எடுக்கப் போய்விட்டார்.

வெல்டிங் பட்டறை அன்பரசு இரும்புச் சதுரக் குழாயில் ஸ்டாண்ட் செய்து கொடுத்தான். அமலோற்பவம் என்னிடம் ஒரு நூல் வாங்கி, ஸ்டாண்டின் மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தார். அரை விரல் வித்தியாசம். திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது, ரசமட்டம் வைத்தார், ஒரு கால் தரையில் படவில்லை. மறுபடி அனுப்பினார். "யக்கா, இதுல மீன்தான நிக்கப்போவுது, தேரா?" என்று அன்பரசு பேஜாராகிவிட்டான். "முந்நூறு கிலோப்பா. கீழ ஒரு குடும்பம் கீது" என்றார். அந்தக் குடும்பம் நாங்கள்தான். அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

அடுத்து சம்ப் வைக்கப்போகிறேன் என்றார். மாடியில் பள்ளம் தோண்டப்போகிறார் என்று நான் பதறிவிட்டேன். அப்படி இல்லை. தொட்டியின் மேல்மட்டத்தில் ஒரு பைப் வாய். அதைத் தாண்டி ஏறும் தண்ணீர் ஸ்டாண்டுக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் விழும். அதுதான் சம்ப். அங்கே ஸ்பாஞ்சு, கல் என்று அறை அறையாகக் கடந்து சுத்தமாகி, கடைசி அறையில் இருக்கும் மோட்டாரால் மறுபடி மேலே போகும். எச்.எம். மாதிரி தின்கிற மீனுக்குச் சின்ன ஃபில்டர் தாங்காதாம்.

எல்லாவற்றையும் முதலில் எங்கள் பின்பக்க முற்றத்தில் பொருத்தினார். பி.வி.சி. பைப்பை அறுப்பதும் ஒட்டுவதும் அவரேதான். தண்ணீர் ஓடியதும், வேண்டுமென்றே ப்ளக்கைப் பிடுங்கினார். மேலே ஏற்றும் பைப் தொட்டிக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. மோட்டார் நின்றதும் அதே பைப் வழியாகத் தண்ணீர் திரும்பிக் கீழே வந்தது. சம்ப் நிரம்பி, வழிந்து, முற்றம் வெள்ளக்காடு.

"பாத்தீங்களா?" என்றேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

"பாத்தேன். அதுக்குத்தான் இங்க வெச்சேன்" என்று புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ரம்பத்தை எடுத்தார். பைப் வாய் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே நிற்கும்படி அறுத்தார். பிறகு இருபது தடவை ப்ளக்கைப் பிடுங்கினார். நான் எண்ணினேன். இருபது தடவையும் சம்ப் முக்கால்வாசியோடு நின்றது.

மாடியில், தறிக்கு மேலே வராதபடி சுவர் ஓரமாகத் தொட்டி ஏறியது. ஸ்டாண்டுக்கு அடியில் விளிம்பு வைத்த தகரத் தட்டு. எச்.எம். டிரம்மிலிருந்து தொட்டிக்குப் போனது, பத்தே நாளில் நிறம் திரும்பியது. மேலே தண்ணீர் விழும் சத்தம் எனக்கும் பழகிவிட்டது. அந்தச் சத்தத்துக்குத் தறி நன்றாக ஓடும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்தது. மாதாந்திரக் கரண்ட் கட் நாளில், கரண்ட் வருகிற நேரத்துக்கு அவர் பர்மிஷன் போட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். பைப்பில் நம்பிக்கை இருந்தால் ஏன் ஓடிவர வேண்டும்? எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது.

பிராக்டிகல் தேர்வு நடந்த நாள். அவரால் வரமுடியாது. கரண்ட் போனால் ஒழுகுகிறதா என்று பார்க்க, பாவு மேல் பிளாஸ்டிக் விரித்துவிட்டு மாடியின் மெயினை ஆஃப் செய்தேன். மூன்று மணி நேரம் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு மெயினைப் போட்டேன்.

மேலே சத்தம் வரவில்லை.

சாவி எடுத்துக்கொண்டு ஓடினேன். மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. எச்.எம். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பள்ளிக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். தண்ணீர் ஏறவில்லை என்றேன்.

"கரண்ட் போயிருச்சுங்களா?"

"ஆமா, போயி வந்துச்சு" என்றேன். பொய்தான்.

"மோட்டர்ல காத்து பூந்துகினு இருக்கும். அதுக்குத்தான் நான் வருவேன். ப்ளக்கப் புடுங்கிட்டு, மோட்டர தண்ணிக்குள்ளயே சாய்ச்சி ஆட்டுங்க. ஜல்தி!"

ஸ்பாஞ்சு வழியை மறைத்தது. எடுத்துத் தரையில் போட்டேன். முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு மோட்டாரை ஆட்டினேன். குபுகுபுவென்று காற்று வந்தது. ப்ளக்கைச் செருகியதும் தண்ணீர் ஏறியது. எச்.எம். மெதுவாகக் கீழே இறங்கி என்னை முறைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் கீழேயிருந்து என் மனைவி கற்பகம் கத்தினாள். "ஏங்க! பாவு மேல தண்ணி!"

நான் தரையில் போட்ட ஸ்பாஞ்சிலிருந்து வழிந்த தண்ணீர், தட்டுக்கு வெளியே ஓடி, பழைய ஒயர் ஓட்டையைக் கண்டுபிடித்து இறங்கியிருந்தது. ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புச் சாயம் பரவிவிட்டது.

சாயங்காலம் அவர் வந்து பாவைப் பார்த்தார். மேலே போய்க் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஸ்டாண்டப் பிரிக்க அன்பரசுக்கு போன் பண்ட்டேண்ணா. சொன்னா சொன்னதுதான். ரெண்டு நாள் மட்டும் டைம் குடுங்க. மீனுக்கு ஒரு எடம் பாக்கணும்."

தனக்கு என்று கேட்கவில்லை. மீனுக்கு என்றார். கற்பகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பார்வைக்கு நான் தப்பியதில்லை.

"கரண்ட் போவல. மெயின நாந்தான் ஆஃப் பண்ணேன். ஸ்பாஞ்சத் தரையில போட்டதும் நாந்தான்" என்றேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அமலோற்பவம் என் பக்கம் திரும்பினார். "எத்தினி மணி நேரம் ஆஃப் பண்ணி வெச்சீங்க?"

"மூணு."

"அப்ப ஒழுகுச்சா?"

"இல்ல."

"ஒரு சொட்டு?"

"ஒரு சொட்டுகூட இல்லீங்க."

"அப்ப சொட்டு வுட்டவருதான காலி பண்ணணும்?" என்றாள் கற்பகம்.

அமலோற்பவம் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். கொஞ்ச நேரத்தில், "அன்பரசு, வர வாணாம்பா" என்று அவர் போனில் சொல்வது அந்த ஒயர் ஓட்டை வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது.