அண்ணன் லாரி ஓட்டிய ஊர்

ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைக்கும்போது பரணிலிருந்து அந்தப் பழைய கீபோர்டு இறங்கும். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது, இப்போது பலாச்சுளை நிறத்துக்கு வந்துவிட்டது. பழைய சாமான் எடுக்க வருகிற ஆக்கிரிக்காரனிடம் போட்டுவிடலாமா என்று என் மனைவி ஒவ்வொரு வருடமும் கேட்பாள். நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருப்பேன். வலது பக்கம் கீழே நான்கு அம்புக்குறிகள் உண்டு. வண்டி ஓட்டும் விளையாட்டு ஆடுகிற வீடுகளில் மேல்நோக்கிய அம்புதான் முதலில் தேயும் என்று என் மகன் சொல்வான். வேகத்துக்கு அதைத்தான் அழுத்த வேண்டுமாம். எங்கள் வீட்டுக் கீபோர்டில் மேல் அம்பு புதிதுபோல இருக்கிறது. கீழ் அம்புதான் குறியே தெரியாமல் அழிந்து, விரல் பட்ட இடம் பளபளவென்று இருக்கிறது. அது பிரேக். அப்படித் தேய்த்தவர் என் அண்ணன்.

அண்ணன் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சேட்டுவின் கிடங்குக்கு மினி லாரி ஓட்டினார். மிளகும் சுக்கும் ஏற்றிக்கொண்டு ஆலுவா வரை போய் வருவார். எங்கள் அப்பா நகரசபைத் துப்புரவு வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து இந்த மலையாளத்து ஊருக்கு வந்தவர். நாங்கள் இங்கேயே பிறந்து, ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையாகக் குடும்பம் நடத்தினோம். நான் ஏழாம் வகுப்போடு நின்று, மாரியம்மன் கோவில் வாசலில் பூ கட்டி விற்கிறவன். அண்ணன் வண்டியைப் பற்றி மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "மூத்த அண்ணாச்சி ஓட்டினா மூட்டையெல்லாம் உறங்கிரும்." இரண்டு பக்கமும் கைவண்டி நிற்கிற அந்தச் சந்துகளில், சுவரில் உரசாமல் ஒரு சாண் இடைவெளியில் எடுத்துக்கொண்டு போவார். ஹாரன் அடிப்பது அவருக்குப் பிடிக்காது. நடக்கிறவனைப் பார்த்துக் குரைக்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், நின்றிருந்த இரண்டு கைவண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பிள்ளை ஓடி வந்தது. அண்ணன் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தார். பிரேக்கும் பிடித்தார். இதையெல்லாம் பார்த்தவர்கள் பிற்பாடு கோர்ட்டிலும் சொன்னார்கள். ஆனால் அந்த நேரத்தில் ஆள் கூடிவிட்டது. கூட்டம் அடித்துவிடும் என்று பயந்து, சேட்டுவின் ஆட்கள் அண்ணனைக் கேபினிலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் கிடங்குக்குள் விட்டு வெளியே தாழ் போட்டார்கள். யாரோ பிள்ளையைத் தூக்கி ஆட்டோவில் கொண்டுபோனார்கள். பிள்ளை திரும்பி வரவில்லை. அண்ணன் மேல் தப்பில்லை என்று சொல்லி, இழுத்தடித்த கேஸை ஒரு காலைப்பொழுதில் முடித்து, லைசன்ஸைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தோம். அண்ணன் வரவில்லை. அதன் பிறகு அவர் அந்த நாளைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு வாக்கியம், அதையே பல தடவை: "என்னை நிக்க விடல தம்பி. பக்கத்துல நிக்கக்கூட விடல."

அந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சேட்டு ஆள் அனுப்பினார். பழையபடி அண்ணன்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நானும் துணைக்குப் போனேன். லாரிக்கு மாலை போட்டு, சந்தனம் தெளித்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நசுக்கிக்கொண்டு வண்டி முன்னால் உருள வேண்டும், அதுதானே வழக்கம். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. பிறகு கீழே இறங்கி, குனிந்து, நான்கு பழத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சேட்டுவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்றோடு வண்டி ஓட்டுவது நின்றது. மதினி பலகாரம் போட்டு விற்றாள். அண்ணன் அதற்கு மாவு அரைத்துக் கொடுத்தார். அம்மனிடம் நான் கேட்காத நாள் இல்லை. அந்தப் பிள்ளையின் பேரில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விளக்கு ஏற்றினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் என் மகன், படிப்புக்கென்று வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டைக் கொண்டுவந்து போட்டான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தது. ஆங்கிலப் பேர், என் வாயில் நிற்கவில்லை. ஒரு ரவுடிதான் கதாநாயகன். ஒரு முழுப் பட்டணத்தையே உள்ளே கட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய ரவுடிகள் சொல்கிற வேலையைச் செய்து அவன் மேலே வர வேண்டும். வழியில் போகிறவனை அடிக்கலாம், காரிலிருந்து ஆளை இழுத்துப் போட்டுவிட்டுக் காரோடு போகலாம், சுடலாம். நான் பார்த்த அன்று என் மகன் ஒரு போலீஸ்காரரைச் சுட்டுக்கொண்டிருந்தான். சாமி படம் இருக்கிற வீட்டில் இது வேண்டாம் என்று சத்தம் போட்டேன். அந்தப் பட்டணத்தில் ஒரு பாவத்துக்கும் நாளைக்கு என்று ஒன்று கிடையாது. அதுதான் அந்த விளையாட்டின் பெரிய குறை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். செத்தவன் கிடப்பான், தெருமுனை திரும்பி வந்தால் ஆளும் இருக்காது, ரத்தமும் இருக்காது.

ஆனால் அண்ணன் கதவோரம் நின்று பார்த்தது அதையெல்லாம் அல்ல. "மழை பெஞ்சு ரோடு மின்னுது பாரு தம்பி, நம்ம பஜார் ரோடு மாதிரி" என்றார். சூரியன் கடலில் இறங்குவதையும், வண்டிக்குள் பாட்டு கேட்பதையும் பார்த்தார். ரவுடிகள் சொன்ன வேலையைச் செய்யாமல் சும்மா ஓட்டிக்கொண்டே இருக்கலாமா என்று கேட்டார். இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றான் என் மகன். இன்ன இடத்துக்குப் போ என்று சொல்லாத ஊர். அது அந்த விளையாட்டின் அழகு என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவருக்குப் போக இடம் எதுவும் மிச்சம் இல்லையே.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வந்தால் அண்ணன் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வண்டி எடுக்க வேண்டுமே. "ஆள் இல்லாம நிக்கிற வண்டி ஏதாவது இருந்தா எடுத்துத் தா மோனே. ஒருத்தன இழுத்துப் போட்டு எனக்கு வண்டி வேண்டாம்." என் மகன் தேடி, ஓரமாக நிற்கும் ஒரு லாரியை எடுத்துக் கொடுப்பான். அண்ணன் அதை இடது ஓரமாக ஓட்டுவார். அந்த ஊரில் வலதுபக்கம் என்று அவன் சொல்லிக்கொடுத்த பிறகு மாறிக்கொண்டார். சிவப்பு விளக்குக்கு நிற்பார்.

"பெரியப்பா, இதுல சிக்னலுக்கு ஆரும் நிக்க மாட்டாங்க. கேறிப் போ."

"நான் நின்னா உனக்கு என்னடா நஷ்டம்? டீசல் நீயா அடிக்கிறே?"

முடித்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டு நிறுத்துவார். வண்டிக்காரன் வந்து தேட மாட்டானா என்பது அவர் கவலை. வண்டிக்காரன் என்று ஒருத்தன் இல்லவே இல்லை என்று மகன் சிரிப்பான். "அது உனக்கும் எனக்கும் தெரியும். வண்டிக்குத் தெரியுமா?" என்பார் அண்ணன். பட்டணத்தின் மறுகரைக்குப் போகிற பாலத்தை அடைத்து வைத்திருந்தார்கள். ரவுடி வேலைகளில் சிலதைச் செய்தால்தான் திறக்கும். இதுவும் ஒரு குறை. நல்லபடி ஓட்டுகிறவனுக்குப் பாதி ஊர் கிடையாது. நான் செய்து முடித்துத் தருகிறேன் என்றான் மகன். "வேண்டாம். எனக்கு இந்தக் கரை மதி, இது போதும்" என்று அண்ணன் தினமும் பாலத்தடியில் வண்டியைத் திருப்பினார்.

அவ்வளவு பார்த்து ஓட்டியும் ஒரு நாள் ஓர் ஆள் தானாகவே ரோட்டில் இறங்கி முன்னால் வந்து விழுந்தான். நான் அறையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கீழ் அம்பை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. "வா பெரியப்பா, போலாம், போலீஸ் வரும்" என்று மகன் அவசரப்படுத்தினான். "நீ மிண்டாம இரு" என்று அவன் வாயை அடக்கினார். அண்ணன் இறக்கிவிட, ரவுடி வண்டியிலிருந்து இறங்கி, விழுந்தவன் பக்கத்தில் நின்றான். ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் குனிந்து நெஞ்சில் கை வைத்து அழுத்தினார். விழுந்தவன் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் நடந்து போனான்.

"எந்திரிச்சிட்டான் இல்லியா?" என்று அண்ணன் கேட்டார். திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார். யாரைக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் போலீஸ் வந்தது. ரவுடி ஓடவில்லை, பிடித்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் ஸ்டேஷன் வாசலில் அவனை வெளியே விட்டிருந்தார்கள். அண்ணன் முகம் வாடிப்போனது. "இவ்வளவு சீக்கிரம் விடக் கூடாதுடா" என்றார் என் மகனிடம். அவன் விளையாட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினான்.

அதற்குப் பிறகு சில நாள் அவர் ஓட்டவில்லை, தெருக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சாயங்காலம், மதினி வைத்த சாயா ஆறிக்கொண்டிருக்க, மெதுவாகக் கேட்டார்: "மோனே, இந்த ஊர்ல பிள்ளைங்களே இல்லியா? நானும் எல்லாத் தெருவும் பாத்துட்டேன்."

"இல்ல பெரியப்பா. உண்டாக்கினவங்க வைக்கல."

"எங்கயும் இல்லியா? பாலத்துக்கு அந்தப் பக்கம்?"

"எங்கயும் இல்ல."

அண்ணன் ஆறிய சாயாவைத் தன் பக்கம் நகர்த்தினார். பிறகு, "இத்தனை அக்கிரமம் செஞ்சு வெச்சவங்களுக்கும் அந்த ஒரு பயம் இருந்திருக்கு" என்றார். சாயாவை எடுத்துக் குடித்தார். "அப்போ எனக்கு இங்க ஓட்டலாம்."

அன்று அவர் மேல் அம்பை அழுத்தி ஓட்டுவதை முதல் தடவையாகப் பார்த்தேன். கடலோரமாக லாரி பறந்தது. மதினி அடுப்படியிலிருந்து வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் முதல் திருப்பம் வந்ததும் விரல் தன்னாலே கீழே போய்விட்டது. பிள்ளைகள் இல்லை என்று அவருக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை. மறுபடி மறுபடி பார்த்தார்; திருப்பம் வரும்போதெல்லாம் அப்படியே ஆயிற்று. கடைசியில் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு எழுந்து போய் மாவு அரைக்க உட்கார்ந்தார். நான் பூ கட்டுகிற நாரை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பின்னும் அவர் அந்த ஊருக்குப் போகாமல் இருக்கவில்லை. பழைய மாதிரி மெதுவாகவே ஓட்டினார். ஒரு மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் கெட்டுப்போனது, உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்றார்கள். "போட்டும்" என்றார் அண்ணன். பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் கீபோர்டை விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு பள்ளிக்கூடம் விடும் நேரங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பாடையை எடுத்துப் போனது அந்தப் பஜார் வழியாகத்தான். வேறு வழி இல்லை.

என் மகன் இப்போது களமசேரியில் வேலை பார்க்கிறான். இந்த வருடம் பூஜைக்கு அவன் வந்து ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அந்த விளையாட்டு இப்போதும் வருகிறதா என்று கேட்டேன். புதிதுபுதிதாக வருகிறது, நிஜ ஊர் தோற்றுவிடும் என்றான்.

"பிள்ளைங்கள வெச்சிருக்காங்களா?"

அவன் கையிலிருந்த துணியைப் பிழிந்தான். "இல்லப்பா. இப்பவும் வைக்கல."

எங்கள் வீட்டில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும் வழக்கம் இப்போது இல்லை. பழத்தைச் சாமி முன்னால் முழுதாகவே வைத்துவிடுவோம். அரிவாள்மணை, கத்திரிக்கோல், அண்ணனின் லைசன்ஸ் எல்லாவற்றையும் பலகையில் அடுக்கி, கீபோர்டையும் வைத்து, சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். மற்ற எல்லா எழுத்திலும் பிடித்தது. தேய்ந்துபோன அந்தக் கீழ் அம்பில் மட்டும் சந்தனம் நிற்கவில்லை, வழுக்கி இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.