வலப்பக்கத்துச் சொல்

தொண்ணூறுகளின் நடுவில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் கால் தரிக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலை கிடைத்தால் இரண்டு வருஷம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வெளியூர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்று பெண்களை எடுக்க வேங்கிக்காலில் ஒரு மண்டபத்துக்கு வருவதாகத் தெரிந்தது. 'டெக்ஸ்டெரிட்டி டெஸ்ட்' இருக்கும் என்றார்கள்.

அர்த்தம் தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நூலகத்துக்கு ஓடிப் பெரிய அகராதியைப் புரட்டினேன். கைத்திறமை, சாமர்த்தியம். அது என்னிடம் வேண்டிய மட்டும் இருந்தது. ஆனால் கீழே சின்ன எழுத்தில் சொல்லின் பிறப்பையும் போட்டிருந்தார்கள்: லத்தீனில் 'டெக்ஸ்டர்', வலப்பக்கம். அப்படியானால் இடப்பக்கத்துக்கு? தேடினேன். 'சினிஸ்டர்'. ஆங்கிலத்துக்கு வந்ததும் அதற்குக் கெடுதல் என்று பொருளாகிவிட்டது. லத்தீன்காரனும் என் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து வீடு போலிருக்கிறது. எனக்கு எல்லாம் இடது கைதான். எழுதுவதை மட்டும் பள்ளியில் அடித்து மாற்றியிருந்தார்கள்.

டெஸ்ட் அன்று காலை அம்மா நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு, "நல்ல காரியத்துக்குப் போற. அங்க போயி பீச்சாங்கைய நீட்டாத" என்றாள்.

மண்டபத்தில் ஆளுக்கொரு பலகை கொடுத்தார்கள். அதன் துளைகளில் குட்டிக் குட்டிக் கம்பிகளைச் செருக வேண்டும். மணி அடித்ததும் இடது கை தானாகப் போனது. மேற்பார்வை பார்த்த அம்மாள் என் பக்கம் திரும்பவும், வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வலது கையால் செருகினேன். கம்பிகள் நழுவின, உருண்டன. பக்கத்துப் பெண் முடித்துவிட்டுப் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நேரம் முடிந்தது. நான் தேறவில்லை. சிந்திய கம்பிகளைக் குனிந்து இடது கையால் மளமளவென்று பொறுக்கிப் போட்டேன். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவ்ளோ வேகமா எடுக்கிறியே, அப்ப ஏம்மா இந்தக் கைல செய்யல?"

"வலது கையாலதானே செய்யணுங்க?"

"எந்தக் கைன்னு நாங்க சொல்லவே இல்லையேம்மா."

இன்னொரு தடவை செய்து காட்டுகிறேன் என்று கேட்டேன். எல்லாருக்கும் ஒரு தடவைதான் என்றுவிட்டார்.

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் வெயிலில் நடந்தே வந்தேன். ஆத்திரம் யார்மேல் என்றே தெரியவில்லை. அம்மா மேலா, லத்தீன் மேலா, சொன்னதைக் கேட்ட என் மேலா? வீட்டில் அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே சோறு போட்டாள். இடது கையால் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

"ஐயோ, என்னாடி இது! அவங்க வர்ற அன்னைக்கு இப்படிப் பண்ணி வைக்காத."

"அவங்களுக்குக் காப்பியும் இந்தக் கையாலதான் குடுப்பேன்" என்றேன்.